இடது தோள் வெளிச்சம்

பலவேசத்துக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது முத்துராணியின் வாய்க்குத்தான். கழுத்தில் இருக்கிற கட்டி நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "சரி, அதுக்கு என்ன செய்யணும்?" என்று வாழைக்கு உரம் வைக்கிறதைக் கேட்கிற தோரணையில்தான் கேட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து, "இத்தனை நாளா கழுத்துல கட்டிய வச்சிக்கிட்டு ஏன் வாயத் தொறக்கலை?" என்று பொண்டாட்டி ஆரம்பித்ததும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் பின்பக்கம் போன மனுசன் பொழுது சாய்கிற வரைக்கும் உள்ளே வரவில்லை. பாவம், மாடு எவ்வளவு தண்ணீர்தான் குடிக்கும்!

வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. சேரன்மகாதேவிக்குத் தெற்கே, கன்னடியன் கால்வாய் பாய்கிற வாழைக்காடுகளில் தார் சுமக்கிறவர்களுக்கு இடது தோளில் கழுத்தை ஒட்டி ஒரு காய்ப்பு விழும். தார் ஏறி ஏறித் தோல் தடித்து மேடாகிவிடும். அதை அவர்கள் அவமானமாக நினைப்பதில்லை. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் துண்டை விலக்கித் தோளைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பார்கள் என்று கேலி பேசுவார்கள். பலவேசத்தின் கட்டி அந்தக் காய்ப்புக்குச் சற்று மேலே வந்தது. காய்ப்புதான் வளர்கிறது என்று அவர் இருந்துவிட்டார்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போயிற்று, வாலிபத்திலிருந்து முறுக்கி வந்த மீசையும் போயிற்று. குத்தகைத் தோட்டத்தை முத்துராணி கையில் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் பாய்ச்சினாள், பக்கக்கன்று வெட்டினாள், காற்றுக்கு முட்டுக்கம்பு ஊன்ற ஆள் பிடித்தாள். மிச்ச நேரத்தில் புருசனைக் காவல் காத்தாள். அவள் பேச்சில் உறைப்பு அதிகம்தான். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. இந்த மனுசன் போய்விட்டால் நான் யாரைத் திட்டுவேன் என்கிற பயம்.

நாலு தடவை மருந்து ஏறியதும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் அனுராதா சொன்னார். தச்சநல்லூர்க்காரர். நிதானமாகப் பேசுவார்.

"இந்த நோய்க்குப் பசி ஜாஸ்தி அண்ணாச்சி. சர்க்கரையைக் கண்டா அள்ளி அள்ளித் திங்கும். அந்தச் சர்க்கரையில கொஞ்சம் கதிர்மருந்தைச் சேத்து ஊசி போட்டுப் படம் எடுப்போம். நோய் எங்க உயிரோட இருக்கோ அங்க வெளிச்சமாத் தெரியும். செத்துப்போன இடம் இருட்டாக் கெடக்கும்."

"மொதல்ல எடுத்தமே, அதே படமா?" என்றாள் முத்துராணி. வைத்தியம் தொடங்கும் முன் எடுத்த படத்தை அவள் பார்த்திருந்தாள். கழுத்திலும் கக்கத்திலும் நெஞ்சுக்கு நடுவிலும் அடுப்புக் கங்கு போல அங்கங்கே எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கிலிருந்து அவளுக்கு அடுப்பைப் பார்த்தாலும் அந்த ஞாபகம்தான்.

"அதே படந்தான். ஈரல் எவ்வளவு வெளிச்சமா இருக்கோ அதை ஒரு அளவா வச்சிருக்கோம். கட்டி இருந்த இடம் அதுக்குக் கீழ மங்கியிருந்தா, நோய் மருந்துக்குக் கேக்குதுன்னு அர்த்தம். இதே மருந்தை ஏத்தி முடிச்சிரலாம்."

"கீழ மங்காட்டா?"

"மருந்தை மாத்தணும். சென்னைக்கு அனுப்பணும். இதைவிடக் கடுமையான வைத்தியம், மாசக்கணக்குல அங்கயே தங்கணும். உடம்பு தாங்குதான்னும் பாக்கணும்."

படத்துக்கு முந்தின நாள் சோறு ஆகாது, இனிப்பு ஆகாது, பழம் ஆகாது. முட்டையும் மீனும் சாப்பிடலாம். கனமான வேலை எதுவும் செய்யக்கூடாது. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் சொல்லியனுப்பிய இதை எல்லாம் முத்துராணி வீட்டில் தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவிட்டாள்.

அந்த முந்தின நாள்தான் காற்று அடித்தது.

ஆனி மாசம் மேற்கேயிருந்து காற்று வருவது வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு முற்பகலிலேயே பிடித்துக்கொண்டு அடித்தது வேறு. ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கத் திருநெல்வேலிக்குப் போன முத்துராணி பொழுது சாயத் திரும்பி வரும்போது, பத்தமடை தாண்டியதும் பஸ்ஸுக்குள் மண்ணை வாரி இறைத்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் வாழைகள் தார் பாரம் தாங்காமல் இடுப்பொடிந்து விழுந்து கிடந்தன. வருசம் முழுவதும் தண்ணீர் பாய்ச்சிய தோட்டம், இன்னும் ஒரு வாரத்தில் வெட்ட வேண்டிய ஏத்தன் வாழைத்தார். முத்துராணி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வந்தாள்.

தோட்டத்தில் பாதி மரம் சாய்ந்து கிடந்தது. ஆனால் தார் ஒன்றும் மண்ணில் கிடக்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டிச் சுமந்து, ரோட்டோரம் நின்ற வியாபாரியின் லாரியில் சருகு போட்டு அடுக்கி, லாரி புறப்பட்டே போய்விட்டது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரி சொன்னாள். முத்துராணிக்கு உயிர் திரும்பி வந்தது.

வீட்டில் பலவேசம் குளித்துவிட்டுக் கட்டிலில் நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தார்.

"யாரு சொமந்தா?"

"செந்தூர்பாண்டி ஆள் கூட்டியாந்தான்."

"நீங்க?"

"நான் வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"காத்துல என்னத்துக்கு நின்னிய? ஏன் இந்நேரம் குளிச்சிய?"

"ஒரே மண்ணு, ஏளா. கண்ணு காது எல்லாம் மண்ணு."

நாலு முட்டை அவித்து, குழம்பில் கிடந்த மீனை மட்டும் எடுத்து வைத்தாள். திரும்பிப் படுக்கும்போது அவர் லேசாக முனகினார். சோறு இல்லாத வயிறு முனகுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டு, போர்வையைக் கொடுத்து, பேசாமல் அசையாமல் படுத்திருங்கள் என்று ஒரு தனி அறையில் விட்டார்கள். பிறகு வளையம் மாதிரி இருந்த மிஷினுக்குள் பலகையோடு பைய நகர்த்தினார்கள். வெளியே வந்ததும், "ஒண்ணும் வலிக்கலை, தூக்கந்தான் வந்துது" என்றார் பலவேசம். அவருக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும்.

முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்றைக்கு அனுராதா டாக்டரின் முகம் தெளிவாக இல்லை. கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது பழைய படம். இது புதுசு. நெஞ்சுல இருந்த வெளிச்சம் போயிட்டு, பாருங்க. கக்கத்துலயும் இல்லை."

முத்துராணி கை எடுத்துக் கும்பிடப் போனாள்.

"ஆனா இங்க பாருங்க."

இடது கழுத்தில் இருந்து தோள் வரைக்கும் வெளிச்சம் எரிந்தது. ஈரலைவிடப் பல மடங்கு.

"தசையிலயும் இந்தச் சர்க்கரை இப்படி ஏறுறது உண்டு. அண்ணாச்சி, படத்துக்கு முந்தின நாளு எதும் பாரம் தூக்குனீங்களா?"

பலவேசம் வாயைத் திறக்கிறதுக்குள் முத்துராணி முந்திக்கொண்டாள். "பாரமா? ஒரு செம்புத் தண்ணியக்கூட அவியளத் தூக்க விடலையே டாக்டரம்மா! எங்க சுடலைமாடசாமி மேல சத்தியம். நான் சொன்னா சொன்னதுதான்."

பலவேசம் சுவரில் ஓடிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி?" என்றார் டாக்டர்.

"அவ சொல்லுதது சரிதான்" என்றார் பலவேசம்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்படின்னா விட முடியாது. பழைய கட்டி இருந்த அதே எடம். அடுத்த வாரம் அங்க ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாப்போம். நான் சென்னைக்கும் எழுதி வைக்கேன்."

ஊருக்குப் பஸ் ஏறினார்கள். முத்துராணி பேசாமல் வந்தால் அது எவ்வளவு பெரிய விசயம் என்று பலவேசத்துக்குத் தெரியும். இரண்டொரு தடவை கனைத்தார். அவள் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே அறுந்து தொங்கிய வாழை இலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். சென்னையில் எங்கே தங்குவது, மாட்டை யாரிடம் விடுவது என்று தொடங்கிய யோசனை, இந்த மனுசன் திரும்பி வருவாரா என்பதில் போய் நின்றுகொண்டு நகர மறுத்தது.

சேரன்மகாதேவியில் இறங்கினால் டீக்கடை வாசலில் செந்தூர்பாண்டி. பலவேசத்தோடு சேர்ந்து தார் சுமக்கிறவன், முறைக்குத் தம்பி. சத்தமாகத்தான் பேசுவான், வாழைக்காட்டில் பேசிப் பழகிய தொண்டை.

"என்ன மைனி, மொகம் இப்படி வாடிக் கெடக்கு? படம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. கழுத்துல இன்னும் இருக்குங்காவ."

"இருக்காவது! அண்ணன் இருக்குத தெம்புக்கு நோயாவது மண்ணாவது! காத்தடிச்ச அன்னைக்கி நீங்க பாக்கலியே. லாரிக்காரன் கெளம்பணும் கெளம்பணும்னு ஆரன அடிக்கான், ஆள் பத்தலை. நாங்க ஒரு தாரு கொண்டாந்து போடுததுக்குள்ள அண்ணன் ரெண்டு தாரு கொண்டாந்து போட்டுட்டுல்லா நிக்காரு! மொட்டத் தலையும் அதுவுமா, சொள்ளமாடசாமியே எறங்கி வந்த மாதிரி..."

பலவேசம் முத்துராணிக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், கடைசியில் கும்பிடவே செய்தார். செந்தூர்பாண்டி அதெல்லாம் புரிந்துகொள்கிற ஜாதி இல்லை.

முத்துராணி ஒரு எட்டு முன்னால் வந்தாள். டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"எந்தத் தோளு?" என்றாள்.

"என்ன மைனி?"

"எந்தத் தோளுல சொமந்தாவன்னு கேக்கேன்."

"இது என்ன கேள்வி? என்னைக்கும் அண்ணனுக்கு இடது தோளுதான?"

அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பையாலேயே புருசனை ஒரு அடி அடித்தாள். வலது தோளில்தான் அடித்தாள்.

"கூறு கெட்ட மனுசா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கனத்த வேலை செய்யாதியன்னு! கேட்டியளா?"

"உடம்புக்கு ஆகாதுன்னுல்லா ஏளா நெனச்சேன்! எனக்கு உடம்பு நல்லாத்தான இருந்துது. படத்துக்கு ஆகாதுன்னு யாரு கண்டா? இந்த ரெண்டு மாசமா நீ ஒத்தையாக் கெடந்து பாத்த தோட்டம். கண்ணு முன்னால விழுந்து போவுது. கட்டில்ல படுத்துப் பாத்துக்கிட்டு இருக்கவா சொல்லுத?"

"சரி, சொமந்திய. அந்த அம்மா நேருக்கு நேரா கேட்டாவல்லா? அப்ப சொல்லலாமே!"

"எங்க சொல்ல விட்ட? நீதான் சாமி மேல சத்தியம் பண்ணிட்டியே. நீ சொள்ளமாடன் மேல சத்தியம் பண்ணின பொறகு, இல்ல, இவ சொல்லுதது பொய்யின்னு நான் எந்த வாயால சொல்ல? சாமி கோவம் உன் தலையிலல்லா விடியும்?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. "எனக்காகவா! எனக்காகச் சென்னைக்குப் போயிக் கடுமையான மருந்த ஏத்திக்கிடலாம்னு இருந்தியளோ? ஏ எப்பா, இப்படி ஒரு மனுசன எங்கயாவது கண்டதுண்டா?"

"நான் என்னத்தக் கண்டேன், ஏளா? அது தாரு சொமந்த வெளிச்சமா, நோயோட வெளிச்சமான்னு எனக்கு என்ன தெரியும்?"

அந்தக் கேள்வி அவளையும் ஒரு நிமிசம் பிடித்து நிறுத்தியது. ஆனால் அவள் எழுந்துவிட்டாள். "வாங்க. தெரிஞ்சவியகிட்டப் போயிக் கேப்போம்."

திருநெல்வேலிக்குத் திரும்புகிற அதே பஸ்தான் நின்றது. கண்டக்டர், "இப்பதானம்மா எறங்குனிய, என்னத்தையும் மறந்துட்டியளா?" என்றார்.

"ஆமா. ஒரு உண்மைய மறந்து வச்சிட்டு வந்துட்டேன்" என்று டிக்கெட் வாங்கினாள் முத்துராணி.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வீட்டுக்குப் புறப்படக் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். முத்துராணி வாசலிலேயே நின்று, "டாக்டரம்மா, நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். அறியாமப் பண்ணிட்டேன். இவிய முந்தின நாளு பொழுதன்னைக்கும் வாழைத்தாரு சொமந்திருக்காவ, இடது தோளுல" என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

அனுராதா டாக்டர் கைப்பையைக் கழற்றி வைத்தார். படத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேன் முடிவை எழுதிய டாக்டருக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசினார். இங்கிலீஷில் பேசினாலும் 'வாழைத்தார்' என்கிற சொல் மட்டும் நடுவில் நாலைந்து தடவை வந்தது. பலவேசம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லாப் பாருங்க" என்றார் டாக்டர். அவருடைய விரல் கழுத்தின் பின்பக்கத்திலிருந்து தோள் நுனிவரை இறங்கியது. "கட்டின்னா உருண்டையா ஒரு எடத்துல நிக்கும். இது வார் பிடிச்ச மாதிரி தசை போற வழியிலேயே போவுது. பாரம் தூக்குன தசையும் பசியிலதான இருக்கும்? அதுவும் சர்க்கரையத் தின்னுருக்கு."

"அப்பம் நோய் இல்லையா?"

"அவசரப்படாதீங்க. தசை வெளிச்சத்துக்கு அடியில சின்னதா எதும் ஒளிஞ்சிருந்தா இந்தப் படத்துல தெரியாது. அடுத்த வாரம் கழுத்தைப் பாக்க இன்னொரு தடவை படம் எடுப்போம். அதுவரைக்கும் சதை எடுக்க வேண்டாம், சென்னைக்கும் எழுதலை. ஆனா அண்ணாச்சி..."

"சொல்லுங்கம்மா."

"துண்டைக்கூடத் தோள்ல போடாதீங்க."

அந்த ஒரு வாரம் பலவேசம் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. முத்துராணி துண்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கால்வாயில் முங்கிக் குளிக்கக்கூடாது. கை வீசி நடக்கக்கூடாது. கொசுவை அடிக்கக்கூட வலது கைதான். சாய்ந்த மரங்களை அவளும் செந்தூர்பாண்டியும் வெட்டி அப்புறப்படுத்தும்போது, அவரைப் பூவரச மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். வழியில் போகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, மைனரு ஆயிட்டியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "ஆமாவே, ஒங்க மைனி ராச்சியத்துல நாந்தான் ராசா" என்றார் அவர்.

அவள் சிரித்துக்கொண்டுதான் அரிவாளை வீசினாள். ஆனால் உள்ளே ஒரு குரல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது தோள் வெளிச்சமாகவே இருக்கட்டும், அதற்கு அடியில்? டாக்டர் சொன்ன 'சின்னதா' என்கிற வார்த்தை வெட்டுகிற ஒவ்வொரு மரத்திலும் அரிவாளோடு இறங்கியது.

வெள்ளிக்கிழமை சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். விழுந்து கும்பிடவில்லை. நின்றபடியே பேசினாள். "பொய்ச் சத்தியம் பண்ணினது நான். கேக்கணும்னா என்னையக் கேளு, பதில் சொல்லுதேன். அவியகிட்டப் போவாத. அவிய உன் மேல உள்ள பயத்துலதான் வாயத் தொறக்கலை." அவ்வளவுதான். திருநீறு பூசிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுபடியும் சோறில்லாத ஒரு நாள். மறுபடியும் ஊசி, போர்வை, வளையம். இந்தத் தடவை முடிவை அன்றைக்கே சொல்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். பக்கத்தில் ராதாபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஞானசௌந்தரி என்று பெயர் சொன்னாள். அவள் புருசனுக்கும் இதே நோய்தான். முதல் படம் எடுக்க உள்ளே போயிருந்தான். பயத்தில் அவளுக்கு விக்கல் நிற்கவில்லை. முத்துராணி தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள். அதற்குள் பலவேசம் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அனுராதா டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். முத்துராணி குனிந்து பார்த்தாள். மேலே ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"அது மூளை. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். கீழ பாருங்க."

கீழே பார்த்தாள். கழுத்து இருந்தது, தோள் இருந்தது. எரிவது எதுவும் இல்லை.

"எங்க டாக்டரம்மா? எங்கன இருக்கு?"

"எங்கயும் இல்லை."

"அடியில? சின்னதா?"

"சின்னதாவும் இல்லை. பழைய கட்டி சுருங்கித் தழும்பு மாதிரிக் கெடக்கு. ஈரல் வெளிச்சத்துக்கு ரொம்பக் கீழ. நோய் மருந்துக்கு நல்லாக் கேட்டிருக்கு, முத்துராணியம்மா. மிச்ச மருந்தையும் ஒழுங்கா ஏத்தி முடிக்கணும். சென்னைக்குப் போக வேண்டாம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"சென்னைக்குப் போக வேண்டாம்."

பலவேசம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். "இருட்டு இவ்வளவு அழகா இருக்கும்னு தெரியாமப் போச்சே" என்றார்.

முத்துராணி எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். நடுவில் நின்று, வலது கையை வாயோரம் கொண்டுபோய், நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். கொடைவிழாவில் சாமி ஆடி வரும்போது போடுகிற குலவை. ஆஸ்பத்திரி சுவர் மோதி அது அடுத்த மாடிக்கு ஏறியது. நர்ஸுகள் எட்டிப் பார்த்தார்கள். காவல்காரர் ஓடி வந்தார். "யம்மா, இது ஆஸ்பத்திரிம்மா!"

"தெரியும்ணே. அதனாலதான் போடுதேன்" என்று இரண்டாம் குலவையை எடுத்தாள்.

காவல்காரர் டாக்டரின் அறையைப் பார்த்தார். கதவருகே நின்ற அனுராதா டாக்டர், "விடுங்கண்ணே. மூணு குலவை போடணும்லா, முடிச்சிரட்டும்" என்றார்.

மூன்றாவது குலவைக்கு முத்துராணிக்கு மூச்சு வரவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்தக் குலவையை வேறொரு தொண்டை எடுத்தது. ஞானசௌந்தரி எழுந்து நின்று போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருசன் இன்னும் உள்ளேதான் இருந்தான். அவனுக்கு எங்கெங்கே எரிகிறது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கண்ணை இறுக மூடி, விக்கல் நின்ற தொண்டையில் முழு மூச்சையும் வைத்து அவள் அந்தக் குலவையை முடித்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஏளா" என்று பலவேசம் மெல்லக் கூப்பிட்டார்.

"அடுத்த பஸ்ஸுல போவோம்" என்று சொல்லிவிட்டு முத்துராணி ஞானசௌந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.